களனிக் கரை மணல் அகழ்வை ஊர் கண்காணிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் எழும்பும் மாடிகளுக்குப் போகிற மணலில் ஒரு பங்கு களனி கங்கையிலிருந்து வருகிறது. ஆற்றுக்குள்ளிருந்தும் அள்ளுகிறார்கள், கரையோர வயல்காணிகளைத் தோண்டியும் எடுக்கிறார்கள். கடுவெல, ஹங்வெல்ல, கொஸ்கம, அவிசாவளைப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் தோட்ட லயன்களிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். சட்டத்தரணி செய்கிற வேலையை இந்தப் பக்கம் செய்யாது. அவரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாமல் இருக்க உதவும்.

எங்கள் ஊரில் மணல் தளம் ஒன்று நடக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்? மறியல் போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்தத் தளத்தின் உரிமத்தையும் அதோடு இணைத்த நிபந்தனைத் தாளையும் கையில் எடுங்கள். கரையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், எவ்வளவு ஆழம் தோண்டலாம், மாதத்துக்கு எத்தனை கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி), எந்த நேரத்தில் வேலை, எந்த இயந்திரம் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும்.

"அளவுக்கு மிஞ்சி அள்ளுகிறார்கள்" என்று நூறு பேர் கத்தினாலும், "எந்த அளவுக்கு மிஞ்சி?" என்று அதிகாரி கேட்டால் கூட்டம் வாயடைத்துப் போகும். மூன்றாம் நிபந்தனை மாலைக்குப் பிறகு வேலை கூடாது என்கிறது, இந்த மூன்று நாளும் இரவு எட்டு மணிக்கு பெக்கோ (தோண்டும் இயந்திரம்) ஓடியது, இதோ படம் என்று நாலு பேர் நின்றால் அவர் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் மற்றதையெல்லாம் மறந்தாலும் நிபந்தனைத் தாளை மறக்காதீர்கள்.

அந்த உரிமத்தை யார் கொடுக்கிறார்கள்?

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் கொடுக்கிறது. (இனிச் சுருக்கமாகச் சுரங்கப் பணியகம்.) அகழ்வுக்கு ஓர் உரிமம். மணலை ஏற்றிக்கொண்டு போக வேறோர் அனுமதிப்பத்திரம், அதைத்தான் சாரதிமார் "பேர்மிட்" என்கிறார்கள். சேர்த்து வைத்து விற்பதற்கும் தனி உரிமம் உண்டு.

பணியகம் மட்டும் போதாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் இதில் வேலை உண்டு. அரச காணி என்றால் பிரதேச செயலாளர் சம்மதிக்க வேண்டும். பிரதேச சபை அல்லது நகர சபை தன் பங்குக்கு வியாபார உரிமம் கொடுக்கும். ஆற்றின் முகத்துவாரத்துக்குக் கிட்ட, மட்டக்குளிப் பக்கம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களமும் சேரும். தரைப் பக்கம் 300 மீற்றர், கடல் பக்கம் 2 கிலோமீற்றர் கரையோர வலயம். ஆறு கடலில் விழும் இடங்களில் அந்த வலயம் 2 கிலோமீற்றர் வரை உள்நோக்கியும் வரும்.

இத்தனை கதவுகள் இருப்பதால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது வழக்கம். அதனால்தான் ஒரே கடிதத்தை எல்லாருக்கும் பிரதியிட்டு அனுப்பச் சொல்கிறோம். யார் யாருக்குப் பிரதி போனது என்பது கடிதத்தின் அடியில் தெரிய வேண்டும்.

நிபந்தனைத் தாளைத் தளத்துக்காரரிடமே கேட்டால் தருவாரா?

கேட்டுப் பாருங்கள். நல்லபடி நடத்துகிறவர் காட்டுவார், சிலர் கண்ணாடிச் சட்டகம் போட்டு அலுவலக அறையில் தொங்கவும் விட்டிருப்பார்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

சுரங்கப் பணியகத்திலும் சுற்றாடல் அதிகாரசபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்பதற்கு அவருக்கும் உரிமையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். பதில் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தக் கெடுக்களைக் கலண்டரில் குறித்து வையுங்கள். நல்ல விண்ணப்பங்கள் பெரும்பாலும் சாவது இங்கேதான். உத்தியோகத்தர் மறுத்ததால் சாவதில்லை, நாங்கள் திகதியைத் தவறவிட்டதால் சாகின்றன.

கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். "மணல் அகழ்வு பற்றிய எல்லாத் தகவல்களும்" என்று எழுதினால் குப்பை வரும், அல்லது ஒன்றும் வராது. இப்படி எழுதலாம்:

"... கிராம உத்தியோகத்தர் பிரிவில், ... வீதியின் முடிவில், ஆற்றின் இடது கரையில் இயங்கும் மணல் அகழ்வுத் தளத்துக்கு வழங்கப்பட்ட அகழ்வு உரிமத்தின் பிரதி. அதனுடன் இணைந்த நிபந்தனைகள். தளத்தின் எல்லையைக் காட்டும் வரைபடம். கடந்த 12 மாதங்களில் மாதவாரியாக வழங்கப்பட்ட போக்குவரத்து அனுமதிப்பத்திரங்களின் எண்ணிக்கையும் அளவும். கடைசியாகச் செய்யப்பட்ட தள ஆய்வு அறிக்கை. புனரமைப்புக்காக வைப்பிலிடப்பட்ட தொகை."

வரைபடத்தைக் கேட்க மறக்க வேண்டாம். உரிமம் ஒரு காணிக்கு இருக்க, அள்ளுவது பக்கத்துக் காணியில் என்பது வரைபடம் இல்லாமல் வெளியே தெரியாது.

"வியாபார இரகசியம்" என்று மறுப்பார்கள். பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவல் கொடுக்கத்தான் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மேன்முறையீட்டில் அந்த வரியை எழுதுங்கள். குழுவின் பெயரிலும் விண்ணப்பிக்கலாம், பதிவு செய்யாத குழுவானாலும் அங்கத்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் போதும்.

தமிழில் எழுதினால் எடுப்பார்களா? ஹங்வெல்லவில் எல்லாம் சிங்களம்தானே?

எடுக்க வேண்டும். தமிழும் அரச கரும மொழி. சிங்களம் நிருவாக மொழியாக இருக்கும் பிரதேசத்திலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. "மொழிபெயர்க்க ஆள் இல்லை" என்பது அவர்களுடைய பிரச்சினை.

இது சட்டம். நடைமுறைக்கு வந்தால், தமிழ்க் கடிதத்தோடு சிங்களப் பிரதி ஒன்றையும் இணைத்துக் கொடுப்பதுதான் புத்தி. உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. தமிழ்க் கடிதம் மட்டும் போனால் அது "மொழிபெயர்ப்புக்கு" என்று ஒரு மேசையில் கிடக்கும், அதற்குள் இன்னும் இருநூறு டிப்பர் போய்விடும். சிங்களப் பிரதி எழுத அடுத்த வீட்டு நோனாவையோ பன்சலை ஹாமதுருவையோ கேளுங்கள். அவர்கள் கிணறும்தான் வற்றுகிறது, கையெழுத்தும் கிடைக்கும். தமிழ் ஆட்கள் மட்டும் கையெழுத்திட்ட மணல் முறைப்பாடு "அந்தத் தோட்டத்து ஆட்களின் சண்டை" என்று ஓரம் கட்டப்படுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தார்களா? எங்களிடம் யாரும் கேட்கவில்லையே.

செய்யாமலே இருந்திருக்கலாம், அது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். 1993ஆம் ஆண்டு வர்த்தமானியில் எந்தத் திட்டங்களுக்கு மதிப்பீடு கட்டாயம் என்று பட்டியல் இருக்கிறது. தரை மேற்பரப்பு அகழ்வு மொத்தமாக 10 ஹெக்டேயருக்கு மேல் போனால் அந்தப் பட்டியலில் வரும். கடலுக்குள் அகழ்வதென்றால் எந்த அளவானாலும் வரும். களனிக் கரையில் நடப்பவை பெரும்பாலும் சின்னத் தளங்கள், அதனால் தப்பிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அதே வர்த்தமானியில் உணர்திறன் மிக்க இடங்கள் என்று வேறொரு பகுதி இருக்கிறது. 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் இருக்கும் இடங்களும் அதில் அடக்கம். அப்படிப்பட்ட இடத்தில், பட்டியலில் உள்ள வகைத் திட்டங்களுக்கு அளவு பார்க்காமலே அனுமதி நடைமுறை பொருந்தும். களனி 25 மீற்றரைவிட அகலம் என்பதைச் சொல்லவா வேண்டும்? "இந்தத் தளத்துக்கு அந்தப் பகுதி பொருந்துமா, இல்லையென்றால் ஏன்?" என்று சுற்றாடல் அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் எப்படி வந்தாலும் அது பெறுமதியான கடிதம், சட்டத்தரணி முதலில் கேட்பதும் அதைத்தான்.

முழு மதிப்பீடு நடந்தால் அறிக்கை 30 நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்தை அந்த நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கண்காணிப்புக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

ஐந்தாறு பேர் போதும். பகலில் வீட்டில் இருக்கிறவர்கள் கட்டாயம் வேண்டும், அனேகமாகப் பெண்களும் ஓய்வு பெற்றவர்களும். லொறி எப்போது போகிறது, கிணறு எப்போது கலங்குகிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். கணக்கில் நேர்த்தியான ஒருவர் வேண்டும். கரையோரக் காணிக்காரர் ஒருவர். சிங்களம் எழுதுகிறவர் ஒருவர். அரசியல்வாதியின் ஆளைத் தலைவராகப் போட வேண்டாம். தேர்தல் வந்தால் குழு பிளக்கும், அல்லது தேர்தலுக்கு முன்னமே வாயை மூடிக்கொள்ளும்.

என்ன பதிவு செய்ய வேண்டும்?

எல்லாவற்றையும் அளக்கப் போனால் இரண்டாம் கிழமையே கைவிட்டுவிடுவீர்கள். நாலு விஷயம் போதும். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிப் பக்கங்களுக்கு இலக்கமிட்டு, பேனையால் மட்டும் எழுதுங்கள். பக்கம் கிழிக்கக் கூடாது. பிழைத்தால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் திருத்துங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் கொப்பியைக் காட்ட வேண்டி வந்தால் இந்தச் சின்ன ஒழுங்குதான் காப்பாற்றும்.

முதலாவது, லொறிகள். திகதி, நேரம், இலக்கத் தகடு, எத்தனை கியூப் வாகனம். ஒரு கியூப் என்பது நூறு கன அடி, ஏறத்தாழ 2.83 கன மீற்றர். உரிமத்திலும் அறிக்கையிலும் கன மீற்றரில் இருக்கும், சாரதி கியூபில் பேசுவார், இரண்டையும் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு, உரிமம் மாதம் 150 கியூப் என்கிறது என்று வையுங்கள். மூன்று கியூப் டிப்பருக்கு அது ஐம்பது நடை. நீங்கள் எண்ணியது நாளுக்கு எட்டு நடை, மாதத்தில் இருபது நாள் என்றால் 160 நடை, அதாவது 480 கியூப். மூன்று மடங்குக்கும் மேல். இந்த ஒரு கணக்கு ஒரு பக்கத்தில் இருந்தால் மற்றப் பத்துப் பக்கம் தேவைப்படாது. கூடுதலாக அள்ளிய ஒவ்வொரு கியூபுக்கும் அரசுக்குச் சேர வேண்டிய ரோயல்டியும் போகிறது, அந்த வரியையும் கடிதத்தில் சேருங்கள். சுற்றாடலுக்கு அசையாத காரியாலயம் வருமானத்துக்கு அசையும்.

இரண்டாவது, கரை. கிணற்றுக்கட்டு, மதகு, பலா மரம் என்று நகராத ஒன்றைப் பிடித்து, அதிலிருந்து கரை விளிம்பு வரை டேப் பிடியுங்கள். மாதம் ஒரு தடவை, அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையில். படம் எடுக்கும்போதும் அந்த மரமும் படத்துக்குள் வர வேண்டும். வெறும் தண்ணீரையும் இடிந்த மண்ணையும் எடுத்த படம் எந்த ஆறென்றே சொல்லாது. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பார்க்கலாம். ஐந்து வருடத்துக்கு முந்திய கரையையும் இன்றைய கரையையும் பக்கத்தில் வைத்து அச்செடுத்துக் கொடுத்தால் பேச்சு குறையும்.

மூன்றாவது, கிணறு. விடியற்காலை, யாரும் தண்ணீர் அள்ளுமுன், கட்டிலிருந்து நீர்மட்டம் வரை கயிற்றில் கல் கட்டி அளங்கள். கிழமைக்கு ஒரு நாள் போதும். தளத்துக்குக் கிட்ட இரண்டு கிணறு, தூரத்தில் ஒரு கிணறு. அந்தத் தூரத்துக் கிணற்றை விட்டுவிடாதீர்கள். வரட்சியில் எல்லாக் கிணறும் இறங்கும். கிட்டக் கிணறு மட்டும் வேகமாக இறங்கினால்தான் வாதம் நிற்கும். மழை பெய்த நாளையும் குறியுங்கள்.

நாலாவது, நேரமும் இயந்திரமும். கையால் வாளியில் அள்ளி வள்ளத்தில் ஏற்ற அனுமதித்த இடத்தில் உறிஞ்சு பம்ப் ஓடினால் அது பெரிய மீறல். சத்தத்தோடு சேர்த்து ஒரு நிமிட வீடியோ எடுங்கள், எடுத்த போனில் மூலப் பிரதியை அழிக்காமல் வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியதில் திகதி விவரம் எல்லாம் போய்விடும்.

ஆற்றில் மணல் குறைந்தால் என்னதான் நடக்கும்? மழைக்கு மறுபடி வராதா?

முன்பு வந்தது, இப்போது அவ்வளவு வருவதில்லை. களனிக்கு மணல் மலையகத்திலிருந்து வருகிறது. கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் காசல்ரீ, மவுஸ்ஸாகலை போன்ற நீர்த்தேக்கங்கள் கட்டியபின், மேலே இருந்து வரும் மணலில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. வரவு குறைந்த கணக்கில் செலவு கூடினால் என்ன ஆகுமோ அதுதான் படுகைக்கும் ஆகிறது.

ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டினால் குழி அங்கேயே நிற்காது. மேல்பக்க விளிம்பு இடிந்து இடிந்து ஆற்றின் மேல்நோக்கி நகரும். கீழ்ப்பக்கம் மணல் இல்லாமல் போகும் தண்ணீர் கரையை அரித்துத் தன் சுமையை நிரப்பிக்கொள்ளும். அதனால் தளத்துக்கு அரைக் கிலோமீற்றர் தள்ளி இருக்கும் உங்கள் கரையும் சரியலாம், "நாங்கள் அங்கே தோண்டவே இல்லையே" என்று தளத்துக்காரர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். படுகை தாழ்ந்தால் பக்கத்து நிலத்தடி நீரும் ஆற்றை நோக்கி இறங்கும். பாலத் தூண்களின் அடியும் வெளியே தெரியத் தொடங்கும்.

இதனால்தானே 2016இல் இவ்வளவு வெள்ளம்?

அப்படி எழுதாதீர்கள். 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல எல்லாம் மூழ்கியதற்கு முதற் காரணம் மேலே கொட்டிய மழை, அப்புறம் நிரப்பப்பட்ட சதுப்பு நிலங்கள். படுகை ஆழமானால் அந்த இடத்தில் வெள்ளமட்டம் குறையக்கூட வாய்ப்பிருக்கிறது, பொறியியலாளர் அதைச் சொல்லி உங்கள் கடிதம் முழுவதையும் தள்ளிவிடுவார். கரை சரிவு, கிணறு, ஆற்றில் ஏறும் உப்பு நீர், நேரம், அளவு ஆகிய ஐந்துக்குள் நில்லுங்கள்.

நான் வெள்ளவத்தையில் குழாய்த் தண்ணீர் குடிக்கிறேன். எனக்கு என்ன?

கொழும்புக்கு வரும் குழாய் நீரின் பெரும்பங்கு அம்பத்தலையில் களனியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆற்று முகத்திலிருந்து அது அவ்வளவு தூரமில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் படுகை கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. வரட்சி மாதங்களில் ஆற்று நீர் குறையும்போது, பாரம் கூடிய உப்பு நீர் அடியால் ஊர்ந்து உள்ளே வரும், மேலே பார்த்தால் தெரியாது. அம்பத்தலையில் மணல் மூட்டை அடுக்கி உப்பைத் தடுத்த காலம் இருந்தது. பிறகு நிரந்தரத் தடுப்பணை கட்ட வேண்டி வந்தது. மணலை அள்ளி விற்றவருக்கும் மணல் மூட்டைக்குக் காசு கொடுத்தவருக்கும் இடையில் நடந்த இந்தக் கணக்கு யாருடைய உரிமத்திலும் எழுதப்படவில்லை.

லொறியை மறித்து பேர்மிட்டைக் கேட்கலாமா?

கூடாது. அது பொலிஸாரின் வேலை. நீங்கள் மறித்தால் குற்றவாளி நீங்கள் ஆவீர்கள். இலக்கத்தைக் குறித்து, அந்த நேரமே 119க்கோ பொலிஸ் நிலையத்துக்கோ சொல்லி, அழைத்த நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள்.

பேர்மிட் என்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு: 2019 டிசம்பரில் மணல், மண், களி ஏற்றிச் செல்லும் அனுமதிப்பத்திர முறையை அமைச்சரவை நீக்கியது. விலையைக் குறைப்பதற்கு என்றார்கள். கண்ட இடத்திலெல்லாம் தோண்டல் பெருகி, விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், முறை திரும்ப வந்தது. அந்தத் தாள் இல்லாவிட்டால் களவு மணலையும் நல்ல மணலையும் பிரித்தறிய வீதியில் வேறு வழி இல்லை.

முறைப்பாட்டை எந்த வரிசையில் கொண்டுபோவது?

கிராம உத்தியோகத்தருக்கு முதலில் சொல்லி, அவர் கண்ணால் பார்த்ததாக ஒரு குறிப்பு வாங்குங்கள். பிறகு சுரங்கப் பணியகம், சுற்றாடல் அதிகாரசபை, பிரதேச செயலாளர், பொலிஸ் பொறுப்பதிகாரி ஆகியோருக்குப் பதிவுத் தபாலில் ஒரே கடிதம். பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். தள ஆய்வுக்கு அதிகாரி வரும்போது குழுவில் இருவர் கூடப் போகக் கேளுங்கள். அவர் வரும் நாளில் பம்ப் மாயமாகிவிடும், உங்கள் வீடியோவை அந்த இடத்திலேயே காட்டுங்கள்.

அசையவில்லை என்றால் நீதிமன்ற வழிகள் மூன்று. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லை என்று நீதவானிடம் போகலாம். ஹங்வெல்ல, கொஸ்கமப் பக்கத்துக்கு அது அவிசாவளையில், புதுக்கடைக்கு வரத் தேவையில்லை. சீக்கிரமானதும் செலவு குறைந்ததும் இதுதான், நாங்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். அதிகாரி தன் கடமையைச் செய்யவில்லை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (கடமையைச் செய் என்று அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற வாதத்துக்கு நம் நாட்டிலேயே தீர்ப்பு உண்டு. எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் கொடுத்தது அது. வழக்குப் போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள்.

மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

இரவில் தனியாகத் தளத்துக்குப் போக வேண்டாம். கடிதம் எப்போதும் குழுவின் பெயரில், பலருடைய கையெழுத்தோடு போகட்டும். மிரட்டல் வந்த அன்றே பொலிஸில் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தை வாங்குங்கள். உள்ளூர் நிலையத்தில் எழுத மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்குப் போகலாம். கொப்பியின் படங்கள் வெளியூரில் இருக்கும் ஒருவரிடம் கிழமைதோறும் போய்ச் சேரட்டும்.

பேஸ்புக்கில் பெயர் போட்டுத் திருடன் என்று எழுத வேண்டாம். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது, மானநட்ட வழக்கும் இருக்கிறது. லொறி எண்ணிக்கையை மட்டும் போடுங்கள், அதுவே போதுமான அளவு சுடும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளே மணல் வேலைதான் செய்கிறார்கள். தளத்தை மூடினால் அடுப்பு எரியாதே?

கண்காணிப்பது மூடுவதற்கு அல்ல. முங்கி வாளியால் அள்ளி வள்ளத்தில் ஏற்றுகிறவன் நாள் முழுக்கப் பாடுபட்டு எடுப்பதை, உறிஞ்சு பம்ப் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடும். பம்ப் வந்த தளத்தில் முதலில் வேலை போவது அந்தப் பிள்ளைக்குத்தான். நிபந்தனை காக்கப்பட்டால் மணலும் அதிக நாள் நிற்கும், கை வேலையும் நிற்கும். தொழிலாளி ஒருவரைக் குழுவில் சேர்க்க முடிந்தால் சேருங்கள். பெயரை வெளியில் சொல்ல வேண்டாம்.

தளத்துக்காரர் கோயில் திருவிழாவுக்குக் காசு கொடுக்கிறார். வாங்கலாமா?

கோயில் வாங்கட்டும், அது கோயில் சபையின் விஷயம். குழுவில் இருப்பவர் ஒரு தேத்தண்ணீர் கூட வாங்கக் கூடாது. வீதியைத் திருத்தித் தருகிறேன் என்றால் வாயால் வேண்டாம், பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று கியூப் டிப்பர் உடைத்த வீதியைத் திருத்துவது தர்மம் அல்ல.

ஆற்று மணலுக்குப் பதில் கடல் மணல் வாங்கலாமா?

வாங்கலாம். முத்துராஜவெலப் பக்கம் கடலிலிருந்து எடுத்துக் குவித்து, மழையில் உப்பைக் கழுவி, சிப்பியை அரித்து விற்கிறார்கள். உப்புப் போகாத மணல் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தின்றுவிடும், ஆகவே பரிசோதனை அறிக்கை கேளுங்கள். கடல் மணலும் யாருக்கோ செலவுதான். துறைமுக நகருக்காக 269 ஹெக்டேயர் கடலை நிரப்ப மணல் தோண்டியபோது நீர்கொழும்பு மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். பாறைத்தூள் மணலும் கடையில் கிடைக்கிறது, பூச்சுக்கு மேசன்மார் முகம் சுளிப்பார்கள், கொங்கிறீட்டுக்குப் பரவாயில்லை.

வீடு கட்டுகிற கொழும்புக்காரர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மணல் இறங்கும்போது பேர்மிட்டைப் பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். கொந்திராத்துக்காரருக்கு அது பிடிக்காது. பரவாயில்லை.

தளம் மூடிவிட்டார்கள். இனிக் குழு கலையலாமா?

இன்னும் இல்லை. வயல்காணியில் தோண்டிய குழிகள் நீர் நிரம்பிக் கிடக்கும். நுளம்பு பெருகும், குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆழம் தெரியாது. காணியைச் சீராக்குவது உரிமக்காரரின் கடமை, அதற்காகத்தான் பணியகத்தில் அவருடைய வைப்புத்தொகை இருக்கிறது. அந்தக் காசு திரும்பிப் போகுமுன் எழுதுங்கள்: எத்தனை குழி, எந்த இடம், ஆழம், படம். ஆழத்தை மூங்கில் தடியால் அளந்தால் போதும். புனரமைப்பு முடிந்ததாகச் சான்றிதழ் கொடுக்குமுன் குழுவுக்கு அறிவிக்கும்படியும், தள ஆய்வில் உங்களையும் சேர்க்கும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மூன்றாம் கேள்விக்குச் சொன்னபடி இன்னொரு தகவல் விண்ணப்பம், இந்த முறை வைப்புத்தொகையின் நிலை பற்றி.